பூட்டிய வீட்டு அலாரம் திரும்பத் திரும்ப அலறினால்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். அடுத்த வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும், வீட்டுக்காரர் குடும்பத்தோடு டொரொன்டோவில். அந்த வீட்டு அலாரம் ஏழு மாதத்தில் 31 தடவை அடித்தது, அதில் 19 தடவை இரவில். மாமா பைபாஸ் செய்துவிட்டு வந்து எங்களோடு இருந்த காலம் அது, மகளுக்கு உயர்தரப் பரீட்சை வருடம். அலாரம் தொடங்கியதும் மாமா எழும்பி நெஞ்சைப் பிடித்தபடி கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பார், அது நின்ற பிறகும் படுக்க மாட்டார். அந்த ஏழு மாதத்தில் நான் படித்ததையும், பிழையாகச் செய்து நேரத்தை வீணாக்கியதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பிந்திப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலாரத்தை உடனே நிறுத்த சாவியும் கோட் நம்பரும் உள்ள ஒருவர் அந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்று பொலிஸாரும் அவ்வளவு ஒன்றும் செய்ய முடியாது, மாநகர சபைக்காரரும் அப்படித்தான். ஆகவே கடிதம், முறைப்பாடு, கூட்டம் என்று எதைச் செய்தாலும் அது ஒரே இடத்தை நோக்கித்தான் போக வேண்டும்: அந்த வீட்டுக்குக் கொழும்பிலேயே, கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் வரக்கூடிய ஒரு சாவிக்காரர். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, உள்ளூராட்சி சபை அறிவித்த பகுதிகளில் அலாரம் பொருத்தியவர்கள் இப்படி ஒருவரைச் சபைக்குப் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. நாம் அதைப் பேசியே உண்டாக்கிக்கொள்ளலாம்.

அடிக்கும்போதே என்ன செய்வது

இது எத்தனையாவது தடவையாக இருந்தாலும், ஒரு நிமிடம் உண்மையான திருட்டு என்றே நினையுங்கள். உங்கள் மொட்டை மாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ அந்த வீட்டின் கதவு, ஜன்னல் கம்பி, பின் மதில் எல்லாவற்றையும் பாருங்கள், ஆனால் தனியாகக் கேற்றைத் திறந்து உள்ளே போக வேண்டாம். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் 119. இலக்கத்தோடு ஒழுங்கையின் பெயரையும், காலி வீதியிலிருந்து எந்தப் பக்கம் என்பதையும், கிட்டவுள்ள கடையையோ கோயிலையோ சேர்த்துச் சொல்லுங்கள், இரவில் இலக்கத் தகடு தெரியாது. புகை தெரிந்தால், அல்லது சத்தம் தீ அலாரத்துடையது என்று பட்டால், தீயணைப்புக்கு 110. அதில் யோசித்து நிற்கவே கூடாது.

ஒன்றும் இல்லை என்றால் போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். அறைச் சுவர்க் கடிகாரத்தில் தொடங்கி, அப்படியே ஜன்னலுக்குப் போய், சைரன் பெட்டியில் விளக்கு மின்னுவது தெரியும்வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். இரண்டு நிமிடம் போதும். பிறகு அது எப்போது நின்றது என்று பாருங்கள். அந்த நேரம்தான் எல்லாரும் விடுகிற தகவல், பிறகு எல்லாரும் கேட்கிற தகவலும் அதுதான்.

அது ஏன் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்காரருக்கு "உங்கள் அலாரம் தொல்லை" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "உங்கள் பற்றரி செத்துவிட்டது போல, கரண்ட் போய் வரும்போதெல்லாம் அடிக்கிறது" என்று சொன்னால் அவர் ஆளை அனுப்புவார்.

பெரும்பாலான வீட்டு அலாரங்களில் பனலுக்குள்ளே, அதாவது அலாரத்தை இயக்கும் பெட்டிக்குள்ளே, 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஒன்று இருக்கும், செங்கல்லை விடச் சிறியது. மூன்று தொடக்கம் ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். அடிக்கடி முழுதாக இறங்கினால் அதற்கு முன்பே போய்விடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்ததே, அப்போது வற்றிப்போய், பிறகு யாரும் மாற்றாமல் விட்ட பற்றரிகள் எத்தனை பூட்டிய வீடுகளில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பற்றரி செத்த வீட்டில் கரண்ட் போனால், அல்லது போய்த் திரும்பி வந்தால், பனல் குழம்பிச் சைரனை அடித்துவிடக்கூடும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, கரண்ட் திரும்பியபோது எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டு அலாரம் ஒரே நேரத்தில் அடித்தது. மூன்று வீட்டில் ஆள் இருந்ததால் உடனே நின்றது, நான்காவது எங்கள் அடுத்த வீடு.

வெளியே சுவரில் இருக்கும் சைரன் பெட்டிக்குள்ளும் சில வகைகளில் தனியாக ஒரு சிறிய பற்றரி உண்டு. வயரை யாராவது வெட்டினால் அது தானாகவே அலறும்படி செய்திருப்பார்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் அந்த வயர் நுனிகள் பச்சையாகக் கறைபிடித்துத் தொடர்பு விட்டுப்போகும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது சென்சர். அறை மூலையில் இருக்கும் அசைவு சென்சர் பார்ப்பது வெப்பம் நகர்வதைத்தான். அதன் முன்பக்க மூடிக்கு மேலே பல்லி ஊர்ந்தால், உள்ளே சிலந்தி வலை கட்டினால், திரைச்சீலை காற்றில் ஆடும் இடத்தில் வெயில் விழுந்தால், ஆள் நடமாடுவதாக நினைத்துவிடும். கதவுக் காந்த சென்சர் வேறு மாதிரி: மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி நிலையிலிருந்து கொஞ்சம் விலகினால், காற்று அடிக்கும்போதெல்லாம் திறந்து மூடுவதாகக் கணக்கு.

ஆகவே ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்: கரண்ட் போனதா, மழையா, இடியா, பலத்த காற்றா, ஒரே நேரத்திலா அடிக்கிறது? எங்களுக்குக் கொப்பியைப் பார்த்தபோது தெரிந்தது, 31 தடவையில் 14 தடவை கரண்ட் போய் வந்த ஐந்து நிமிடத்துக்குள்.

கொப்பி

சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பேனையோடு வையுங்கள். போனில் எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் பொலிஸ் மேசையில் விரித்துக் காட்டக் கொப்பிதான் நல்லது. என்னுடையதில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"செவ்வாய். அதிகாலை 2.10 முதல் 2.41 வரை. கரண்ட் 2.06க்குப் போய் 2.09க்கு வந்தது. மழை இல்லை. வீடியோ உண்டு. மாமா எழும்பினார், பிரஷர் 168. எதிர்வீட்டு அக்காவும் வெளியே வந்து பார்த்தார். வீட்டுக்காரருக்கு 2.15க்கு வாட்ஸ்அப், பதில் இல்லை."

இவ்வளவுதான். திட்டி எழுதாதீர்கள், ஊகமும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடந்தது, வேறு யார் கேட்டார்கள், நீங்கள் யாருக்கு அறிவித்தீர்கள் என்ற மூன்றையும் விடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது நித்திரை இல்லாததையும் அலாரத்தையும் சொல்லி, அவர் எழுதித் தரும் குறிப்பையும் உள்ளே வையுங்கள். போனில் டெசிபெல் பார்க்கும் செயலிகள் உண்டு, அந்த எண்ணை நீதிமன்றம் அளவாக ஏற்காது, ஆனால் எழுதி வைப்பதில் நட்டமில்லை.

வீட்டுக்காரரைப் பிடித்துக் கதைத்தல்

ஆள் இருக்கும் வீடென்றால் மறுநாள் பகலில் போய் நேரே கதையுங்கள். அடிக்கும் நேரத்தில் போனால் இரண்டு பக்கமும் சூடாகத்தான் பேசுவோம்.

பூட்டிய வீடென்றால் தேட வேண்டும். வீடு கூட்ட வரும் அம்மா, தோட்டக்காரர், மாதாமாதம் கரண்ட் பில் கட்டும் சொந்தக்காரர் என்று யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். மூலைக் கடைக்காரரிடம் கேளுங்கள், எனக்கு அங்கேதான் முதல் நூல் கிடைத்தது. கிராம சேவகரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கும், பழைய குடும்பங்களை ஆளாகவும் தெரியும். நம்பர் தர மாட்டார் என்றாலும் உங்கள் செய்தியை அங்கே சேர்த்துவிடுவார். சைரன் பெட்டியிலேயே அதைப் பொருத்திய கம்பனியின் பெயரும் போனும் ஒட்டியிருக்கும், அவர்களுக்கு அழைத்து "உங்கள் வாடிக்கையாளரின் சிஸ்டம் பழுது" என்று சொன்னால் அவர்களே வீட்டுக்காரரைப் பிடிப்பார்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு நேரத்தைக் கவனியுங்கள். இங்கே அதிகாலை 2 மணி என்றால் டொரொன்டோவில் முதல் நாள் பின்னேரம் மூன்றரை அல்லது நான்கரை, ஆள் வேலையில் இருப்பார். இலண்டனில் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. உங்கள் அந்தரம் அவருக்கு வேலைக்கு நடுவே வந்த இன்னொரு மெசேஜ், அதனால் நானும் ஆரம்பத்தில் அனுப்பிய நாலு சொல் மெசேஜுகளால் பலன் இருக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காலை நேரம் பார்த்து இப்படி அனுப்பினேன்:

"வணக்கம் அண்ணா, அடுத்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது, நேற்றும் சுற்றிப் பார்த்தேன். ஆனால் அலாரம் இந்த மாதம் ஆறு தடவை அடித்தது, வீடியோவும் நேரங்களும் கீழே. அநேகமாகக் கரண்ட் போய் வரும்போதுதான், பற்றரி மாற்ற வேண்டும் போல. இப்படி அடிக்கடி அடித்தால் உண்மையாகக் கள்ளன் வந்தாலும் இங்கே யாரும் எழும்பிப் பார்க்க மாட்டார்கள், அது உங்களுக்குத்தான் ஆபத்து. வீட்டில் மாமா இருதய நோயாளி. மூன்று உதவி வேண்டும்: டெக்னீஷியனை அனுப்புங்கள், சைரன் சில நிமிடத்தில் தானாக நிற்கும்படி செட் பண்ணச் சொல்லுங்கள், கொழும்பில் ஒருவரிடம் சாவியும் கோடும் கொடுத்து அவருடைய நம்பரை எங்களுக்குத் தாருங்கள். பதினான்கு நாளுக்குள் செய்தால் பெரிய புண்ணியம்."

கள்ளன் வந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற வரிதான் அவரை அசைத்தது என்று பிறகு அவரே சொன்னார். நாள் குறித்துக் கேட்டதும் முக்கியம். "கொஞ்சம் பாருங்கோ" என்று முடித்தால் அவர் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார்.

சைரன் எத்தனை நிமிடம் அடிக்க வேண்டும் என்பதைப் பனலில் மாற்றலாம், ஐரோப்பியத் தரநிலையில் உச்சமே 15 நிமிடம்தான். எங்கள் அடுத்த வீட்டில் அது அரை மணி நேரமாக விடப்பட்டிருந்தது. இந்த ஒரு மாற்றத்துக்கு டெக்னீஷியனுக்குப் பத்து நிமிடம் போகாது.

பதில் வராவிட்டால் அதே விஷயத்தைக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அந்த முகவரிக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்

மதில் ஏறிப் போய் வயரை வெட்டலாம் என்று எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சொன்னார்கள், எனக்கும் ஒரு இரவு அந்த எண்ணம் வந்தது. அத்துமீறி நுழைவதும் பொருளுக்குச் சேதம் செய்வதும் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம், தொல்லைப்பட்ட நீங்கள் ஒரே இரவில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். வெட்டிய வயரால் சைரன் தன் சொந்தப் பற்றரியில் இன்னும் நேரம் அலறும் என்பதையும் மேலே சொன்னேன். மீற்றர் பெட்டியில் மெயினை விழுத்துவதும் அப்படித்தான், பற்றரி இறங்கும்வரை நிற்காது, குளிர்சாதனப் பெட்டியில் உள்ளது பழுதானால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. வீட்டுக்காரரின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதுவதும் வேண்டாம், அதன் பிறகு அவர் உங்களோடு கதைக்கவே மாட்டார்.

பொலிஸ் முறைப்பாடு

பதினான்கு நாள் கழித்தும் அடித்தால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் பகலில் போங்கள். நான் முதல் தடவை இரவு மூன்று மணிக்குக் கொதிப்போடு போனேன், கடமையில் இருந்தவர் "வீட்டில் ஆள் இல்லையே, நாங்கள் என்ன செய்வது" என்றார், அத்தோடு திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை காலையில், கொப்பி, வீடியோ, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, எதிர்வீட்டு அக்கா, பின்வீட்டு பெரேரா மாத்தயா எல்லாரோடும் போனேன். அன்றைக்கு உட்கார வைத்து எழுதினார்கள்.

தமிழ் அரச கரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், நிலையப் பொறுப்பதிகாரிக்கு முகவரியிட்டுத் தமிழில் கடிதமாகவே எழுதிக் கொண்டுபோய், பிரதியில் ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கிச் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளாமல் வாசலைத் தாண்டாதீர்கள், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "அவரைப் பிடியுங்கள்" என்று கேட்க வேண்டாம், "வீட்டுக்குப் பொறுப்பானவரை விசாரணைக்குக் கூப்பிட்டு, சாவிக்காரர் ஒருவரைப் பெயர் குறிக்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எங்களுக்கு அந்த விசாரணைக்கு வந்தவர் வீட்டுக்காரரின் தெஹிவளை மச்சான். அவரிடம் சாவி இருந்தது, கோட் மட்டும் தெரியாது!

சட்டத்தில் உள்ள எண்கள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு, சத்தம் வரும் காணியின் எல்லையில் அளந்தால் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 என்பதுதான் எல்லை. வைத்தியசாலை போன்ற அமைதி வலயங்களுக்கு 50, 45. அந்த விதிகளில் இரவு என்பது மாலை 6 முதல் காலை 6 வரை. சாதாரண சைரன் ஒரு மீற்றரில் 110 டெசிபெல் அளவு சத்தம் போடும், தூரம் இரட்டிக்க ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும், ஆகவே திறந்த வெளியில் பத்து மீற்றர் தள்ளியும் 90 வரும். ஆனால் விதி பார்ப்பது ஒரு நேர அளவுக்கான சராசரியை, அதனால்தான் எத்தனை நிமிடம் அடித்தது என்பதைக் கொப்பியில் விடாதீர்கள் என்றேன்.

இதை எழுதிப் பத்தரமுல்லையில் இருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும், பிரதியைக் கொழும்பு மாநகர சபைக்கும் அனுப்பலாம். அலாரம் ஒரு கடையுடையதோ அலுவலகத்துடையதோ என்றால் மாநகர சபைக் கடிதம் நன்றாக வேலை செய்யும், வியாபார உரிமம் அங்கேதானே புதுப்பிக்க வேண்டும்.

அதற்கும் மேலே

மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடப்பது. அயல் சண்டைகளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது, மூன்று மத்தியஸ்தர்கள் இரண்டு பக்கமும் கேட்டு இணங்க வைக்கப் பார்ப்பார்கள், எதிரில் இருப்பவரும் முகம் கெடாமல் ஒத்துக்கொள்ளலாம். இணக்கத்தை எழுத்தில் வாங்குங்கள், அதில் சாவிக்காரரின் பெயரும் பற்றரி மாற்றும் திகதியும் இருக்கட்டும்.

அதுவும் சரிவராவிட்டால் நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை கொடுக்கலாம். இதில் பொது என்ற சொல்லுக்குத்தான் கனம். உங்கள் வீடு மட்டும் முறையிட்டால் தனி மனிதச் சண்டையாகத் தெரியும், ஆறு வீட்டார் கையெழுத்துப் போட்டு, அதில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தால் ஒழுங்கையே பாதிக்கப்பட்டது தெரியும். ஆகவே முதல் வாரத்திலிருந்தே அயலவரையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தனிப்பட்ட நட்டத்துக்கும் தடை உத்தரவுக்கும் மாவட்ட நீதிமன்றம் உண்டு, செலவும் காலமும் பிடிக்கும், சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு முடிவெடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதைச் சிலர் இதற்கும் காட்டுவார்கள். அது ஒலிபெருக்கி பற்றிய கட்டளை, அலாரத்துக்கு நேரே பொருந்தாது.

தொடர்மாடியில் இருப்பவர்கள் முதலில் முகாமைக் குழுவுக்கு எழுதுங்கள், அவர்களிடம் எல்லா வீட்டுக்காரரின் தொடர்பும் இருக்கும். அங்கே தீ அலாரம் பொய்யாக அடித்தால் திருத்தச் சொல்லுங்கள், நிறுத்தி வைக்க மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

டெக்னீஷியன் வரும் நாளில்

மச்சான் கோட் நம்பரை வாங்கிக்கொண்டு ஆளோடு வந்தபோது நானும் போய் நின்றேன். பனலைத் திறந்ததும் பற்றரி இரண்டு பக்கமும் வயிறு ஊதி, பெட்டியைவிட்டு வர மறுத்தது, அதன் மேலே பென்சிலால் எழுதிய திகதி ஏழு வருடம் பழையது. மண்டப மூலைச் சென்சரைக் கழற்றினால் உள்ளே காய்ந்த பல்லி முட்டை ஓடு இரண்டு.

நீங்களும் அன்றைக்கு இவற்றைக் கேளுங்கள்: புதுப் பற்றரியில் திகதி எழுதச் சொல்லுங்கள், சென்சரில் வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள், சைரன் நேரத்தைக் குறைத்து உங்கள் முன்னாலேயே ஒரு தடவை அடிக்க விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மெயினை விழுத்தி, போட்டு, அலாரம் பேசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்ன சோதனையை யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள், ஆனால் தொல்லை தொடங்கியதே அங்கேதான்.

சாவிக்காரராக நீங்களே இருக்கச் சொல்லிக் கேட்டால், நான் ஒத்துக்கொண்டது போல ஒத்துக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில் வாங்குங்கள்: எந்தச் சந்தர்ப்பத்தில் உள்ளே போகலாம், போனால் யாருக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று. தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு அயலவரைக் கூட்டிப் போங்கள், போகும்போது வீடியோ ஓடட்டும். சாவியில் வீட்டு இலக்கத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டாம். கோட் நம்பர் சாவியோடு இருக்கவே கூடாது. இப்போது ஒன்பது மாதமாகிறது, அந்தச் சாவியை இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், இரண்டு தடவையும் நாலு நிமிடத்துக்குள் நிறுத்தியாகிவிட்டது. கொப்பியை இன்னும் மூடவில்லை, அடுத்த பற்றரி மாற்ற வேண்டிய மாதத்தை அதன் முன்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.